காசு போடாதவன்

மாவியா அந்த ஊறுகாய் பாட்டிலை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். காசு டப்பா பக்கம் திரும்பக்கூட இல்லை.

பொக்லைன் வண்டியின் மேலிருந்து பியாக்கா இதைப் பார்த்துவிட்டான். இருபது வருஷமாக இந்த மலைச்சாலைகளில் மண் தள்ளுகிறான். ஆளில்லாத கடையில் காசு போடாமல் எடுத்தவனை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

கடை என்று பெரிதாக ஒன்றுமில்லை. நாலு மூங்கில் கால், ஒரு தட்டு, மேலே தகரம். 'மூங்கில் குருத்து ஊறுகாய், பாட்டில் முப்பது ரூபாய். காசை டப்பாவில் போடவும், சில்லறை நீங்களே எடுத்துக்கொள்ளவும். இப்படிக்கு ஸோரமி' என்று பலகையில் கரியால் எழுதியிருந்தது. ஐஸால் பட்டணத்துக்குப் போகிற லாரிக்காரர்கள் நிறுத்தி வாங்கிக்கொண்டு போவார்கள். ஸோரமி என்பவளைப் பியாக்கா பார்த்ததேயில்லை. மலைச்சரிவு வயலுக்குப் போகிறவளாக இருக்கும், கடையில் உட்கார நேரமேது.

பியாக்கா எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான்.

"டேய் மாவியா, காசு போட்டியா?"

"இல்லண்ணே."

"போடு."

மாவியா கடப்பாரையை எடுத்துக்கொண்டு பாறைப் பக்கம் போய்விட்டான். அவன் அப்படித்தான். கூலிக்கு ஆள் வேண்டுமென்று மேல் ஊரில் கேட்டபோது வந்து சேர்ந்தவன். ஒன்பது நாளில் ஒன்பது வார்த்தை பேசியிருந்தால் அதிகம். காலையில் வண்டி வருவதற்கு முன்னாலேயே வந்து கல்லின் மேல் உட்கார்ந்திருப்பான். சாயங்காலம் ஏறச் சொன்னால், "நீங்க போங்க, நான் நடந்து வர்றேன்" என்பான்.

கூட வேலை செய்கிற டிங்கா இலைப் பொட்டலத்தைப் பிரித்துச் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எந்த வாயால பாடுவானாம்? வாயத் தொறந்தா கர்த்தருக்கே ஊறுகா வாடை அடிக்கும்."

"சும்மா இருடா."

"நான் என்ன பொய்யா சொல்றேன்? பாவம் அந்தக்கா. நாம வந்த அன்னிக்குப் பன்னெண்டு பாட்டில் இருந்துச்சு. நாளுக்கு நாள் கொறைஞ்சு நேத்து ரெண்டு, இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு. அதையும் இந்தப் புண்ணியவான் சுருட்டிட்டான்."

பியாக்கா தன் பையிலிருந்து முப்பது ரூபாயை எடுத்து டப்பாவில் போட்டான். போட்ட பிறகும் மனசு ஆறவில்லை.

 சாலையை அகலப்படுத்துகிறார்கள். கடை நிற்கிற இடம் இன்று மதியத்துக்குள் காலியாக வேண்டும். மூன்று நாளைக்கு முன்பே அவன் ஒரு சீட்டு எழுதி டப்பாவுக்குள் வைத்திருந்தான். 'அக்கா, வியாழக்கிழமைக்குள் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். என் கையால் உடைக்க எனக்கு மனசில்லை.' மறுநாள் காலையில் சீட்டு இல்லை, காசும் இல்லை. கடை மட்டும் அப்படியே நின்றது.

இன்று வியாழக்கிழமை.

சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது. "இன்னுமா அந்தக் கடை நிக்குது?"

"கடைக்கார அக்கா வந்துரட்டும் சார்."

"ஆளே வந்து நிக்காத கடைக்கு எந்த ஆளுக்காகய்யா காத்துக்கிட்டு இருக்க? தள்ளு!"

பியாக்கா வண்டியில் ஏறவில்லை. "டிங்கா, கையாலேயே பிரிச்சு ஓரமா வச்சிரலாம்" என்றான். டிங்கா வெட்டுக்கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து மூங்கிலைக் கட்டியிருந்த பிரம்பின் மேல் வைத்தான்.

"வெட்டாத."

சொன்னது மாவியா. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு வந்தான். தட்டுக்கு அடியில் கையை விட்டு, பிரம்பின் நுனியைக் கண்டுபிடித்து ஒரே இழுப்பு. கட்டு அவிழ்ந்தது. நாலு முடிச்சும் நாலே இழுப்பில் வந்துவிட்டன.

"பாட்டில் திருடினவனுக்குக் கடை திருடறது கஷ்டமா என்ன" என்றான் டிங்கா.

மாவியாவின் முகத்தில் ஒன்றுமில்லை. கல் உடைக்கும்போது இருக்கிற அதே முகம். தகரத்தை இறக்கினான், மூங்கிலைக் கட்டினான். பலகையை மட்டும், கரி எழுத்து சட்டையில் உரசிவிடாமல் வெளிப்பக்கமாகத் திருப்பி அக்குளில் இடுக்கிக்கொண்டான். பிறகு காசு டப்பாவைத் திறந்து உள்ளே கையை விட்டான்.

பியாக்கா பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தான். "பாட்டில் பத்தலையாடா உனக்கு? இதுவும் வேணுமா?"

மாவியா கையை உதறவில்லை. இன்னொரு கையால் பியாக்காவின் உள்ளங்கையை விரித்து முப்பது ரூபாயை வைத்தான்.

"இது உங்க காசுண்ணே."

"எனக்கு எதுக்குடா இது? சாயங்காலம் அந்த ஸோரமி அக்கா வந்து, என் கடை எங்க, கடைசியா வச்ச பாட்டில் எங்கன்னு கேட்டு நின்னா, நான் என்ன பதில் சொல்றது? சொல்லுடா!"

மாவியா சட்டைக்குள் இருந்த பாட்டிலை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அவ எப்படிண்ணே வருவா? என் பொண்டாட்டி செத்து இன்னியோட ஒரு மாசம்."