அமாவாசை அதிரசம்

காலையில்தான் காக்கையம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "இனி இந்தக் கூட்டில் எண்ணெய், இனிப்பு இரண்டும் கிடையாது. புழு, பூச்சி, வேப்பம்பழம், அவ்வளவுதான்!" குஞ்சுகள் இரண்டும் அலகைச் சுளித்தன.

மதியம் எதிர்வீட்டு மொட்டைமாடியில் அமாவாசைப் படையல் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டார்கள். காகம் வாய் வைக்காமல் அங்கே யாரும் சாப்பிட முடியாது. பாவம், பசியோடு நிற்கிறார்களே என்று இரக்கப்பட்டுப் பறந்தவள், ஒரு அதிரசத்தை முழுசாக விழுங்கிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். பின்னாலேயே குஞ்சுகள்.

"அம்மா! எண்ணெய்! இனிப்பு!" என்று அலறியது பெரியது.

"எனக்காகவா தின்றேன்? செத்துப்போன அந்த வீட்டுத் தாத்தாவுக்காகடா!"

சின்னது யோசித்தது. "தாத்தாவுக்குப் பெண்டாட்டி உண்டா?"

"இருந்தாள். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்."

"அப்ப நகரும்மா. பாயசத்துக்குப் பாட்டி காத்துக்கிட்டிருப்பாங்க."