இலை நனையும் அளவு

பசுமைக்குடிலில் குதிரைமசால் என்னும் தீவனப் பயிர், தொட்டிகளில் இரண்டு வரிசையாக நின்றது. இரண்டுக்கும் தண்ணீரை நிறுத்தியாகிவிட்டது. ஒரு வரிசைக்கு வறட்சியைத் தாங்கவைக்கும் ஹார்மோனைத் தெளித்த அமுதவல்லி, ஒப்பிடுவதற்கான மறு வரிசைக்கு அதே அளவு வெறும் தண்ணீரைத் தெளித்தாள். இலை நனையும்; வேருக்கு எட்டாது. சோதனை முறை அப்படி.

மஸ்கட்டிலிருந்து கணவர் அழைத்தார்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேங்க. பொங்கலுக்காவது வருவீங்களா?"

"பார்க்கலாம். உடம்பைப் பார்த்துக்கோ. வச்சிடட்டுமா?"

தினமும் இதே பேச்சுதான். அவள் வெறும் தண்ணீர் தெளித்த வரிசையைப் பார்த்தாள். இலைகளில் துளிகள் அதற்குள் காயத் தொடங்கியிருந்தன.

"வைக்காதீங்க. இன்னும் கொஞ்சம் பேசுங்க."

"என்ன பேச?"

"எதையாவது."

மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. ஆனால் அவர் வைக்கவும் இல்லை.