பலகையில் நின்றவன்

அலைச்சறுக்குப் பள்ளியின் அலுவலக அறையில், உரிமையாளர் மேசைக்குப் பின்னாலும், கணக்கு பார்க்கும் அவர் மனைவி ஜன்னலோரமும், பயிற்சியாளர் ஈரக்காலோடு ஸ்டூலிலும் உட்கார்ந்திருந்தார்கள். மனைவியின் தம்பியை யாரும் உட்காரச் சொல்லாததால், பலகையை அணைத்தபடி கதவருகே நின்றிருந்தான்.

"இன்னிக்கு நின்னுட்டாருங்க. கரை வரைக்கும்," என்றார் பயிற்சியாளர்.

உரிமையாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தெரியாம நின்னுட்டேன் மாமா. இனிமே நிக்க மாட்டேன்."

"போன வாரமும் இதைத்தானே சொன்னே!"

"அவனை ஏன் திட்டறீங்க?" என்றாள் அக்கா. "நம்ம கடல்ல அலை தொட்டில் மாதிரி ஆடுது. கட்டிலைப் போட்டாக்கூட நிக்கும்."

"மாப்ளே, புதுசா வர்றவங்க முன்னாடி நீ தொப்புன்னு விழணும். சிரிச்சுக்கிட்டே எழுந்திரிக்கணும். அப்பதான் அவங்களுக்குப் பயம் தெளியும். அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?"



"வேலை போச்சுன்னா இவனுக்கு நிச்சயம் பண்ணின பொண்ணு வீட்டுக்கு என்னங்க பதில் சொல்றது?" அக்காவின் குரல் உடைந்தது.

"நான் என்ன வயித்துலயா அடிக்கப் போறேன்?" என்றபடி, பெரிய அலை அடிக்கும் அடுத்த ஊர்ப் பள்ளிக்கு உரிமையாளர் கடிதம் எழுதினார்.

'நம்பிக்கையான பையன். உங்கள் கடலில் கண்டிப்பாக விழுவான்.'

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உறையை ஒட்டினாள். அதைத் தம்பி கையிலேயே கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள்.