தொலைநோக்கியில் தெரிந்த கடற்கரை

வசந்தகால விடுமுறை. காலையில் மலைமேல் தேசியப் பூங்கா, சாயங்காலம் கீழே கடற்கரை நகரம் என்று திட்டம். பூங்காவிலேயே மதியம் தாண்டியதும், மனைவி மகளோடு வந்திருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மெல்ல நழுவப் பார்த்தார்.

"கடல் எங்க போயிடப்போகுது? இன்னொரு நாள்..."

"வாயைத் திறக்காதீங்க. பொறந்ததுலேர்ந்து பொண்ணு கடலையே பாக்கல," என்றாள் மனைவி.

அவர் காட்சிமுனைத் தொலைநோக்கிக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார். கீழே கடற்கரையில் மனைவியும் மகளும் அலையில் குதித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பேண்ட்டை மடித்துவிட்டு அவரே நின்றார். தொழில் பழக்கத்தில் தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் அவர்களேதான். திரும்பினால் இருவரும் இங்கேயும் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

உடனே வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் அலையில் குதித்துக்கொண்டே மகள் மலையைப் பார்த்துக் கையசைத்தாள்.

"யாருக்குடி டாட்டா?"

"அப்பாவுக்குத்தாம்மா. இன்னும் அங்கேயே நிக்கிறாரு, பாவம்."

பேண்ட்டை மடித்துவிட்டு அம்மா பக்கத்தில் நின்றவரும் மரியாதைக்கு ஒருமுறை கையசைத்து வைத்தார்.