பக்கத்துக்கு ஆறு சொல்

நூலக ஊழியனான நான், கிட்டங்கியில் ஏலக்காய் பொறுக்கும் மகாராணிக்கு மின்வாசிப்பானைச் சொல்லிக்கொடுத்தபோது, என் விரல் பட்டு எழுத்தெல்லாம் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. பக்கத்துக்கு ஆறே சொல். குறைக்கத் தெரியாமல், "புது மாடலும்மா" என்று சமாளித்து அனுப்பினேன்.

பதினைந்தாம் நாள் வந்தார். "தவணை முடிஞ்சு நாவல் தானா மறைஞ்சிருச்சுண்ணே. முடிவு தெரியணும். வெரசா திரும்ப எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். நாலாயிரம் பக்கத்தில் இருபதுதான் பாக்கி. மலைத்துப்போனேன். இதற்குள் கற்றிருந்த வித்தையைக் காட்டி எழுத்தைக் குறைக்கப் போனபோது, கையைத் தட்டிவிட்டார்.

"அத மட்டும் தொடாதீங்க."

"கண்ணு மங்கலா?"

"நல்லாத் தெரியுது."

"பிறகு எதுக்கும்மா இம்புட்டுப் பெருசு?"

"செவத்துல சாத்தி வச்சு, காய் பொறுக்கிக்கிட்டே எட்டுப் பேரு படிக்கிறோம்ணே."