தேயாத மூடி

வார்ப்பிரும்புச் சாக்கடை மூடிகள் இரண்டும் கழுவி மேசைமேல் கிடந்தன. ஒரு வருஷம் கடைவீதி நடுரோட்டில் பதித்திருந்தவை. பட்டறை முதலாளி வளவன் காலையில்தான் ஆள் விட்டுக் கழற்றிவரச் சொல்லியிருந்தான்.

"பாருங்க மேடம், பூச்சு இல்லாதது மழுங்கிப் போச்சு. இது நம்ம விருத்தாசலம் பீங்கான் பூச்சு. ஒரு கீறல் இல்ல!"

ஆர்டர் கொடுக்க வந்திருந்த வெளியூர் நகராட்சிப் பொறியாளர் சிவசங்கரி தடவிப் பார்த்தார். "ரெண்டு மேலயும் ஒரே மாதிரிதானே வண்டி ஓடுச்சு?"

"ஒரே ரோடு, அதே பஸ்ஸுங்கதாங்க."

அப்போது பூக்காரி பெரியநாயகி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "தம்பி, அம்மனை நீங்கதான் பேத்துக்கினு வந்தீங்களாமே? பொங்க வச்சுட்டு சனம் காத்துக் கெடக்குது!"

"எந்த அம்மன்?"

அவள் பூச்சு மூடியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பளபளன்னு மின்னுச்சேன்னு பொட்டு வச்சோம். பஸ்ஸுகாரங்க அந்த இன்னொரு மூடி மேல ஏத்துவாங்க, ஆத்தா மேல ஏத்துவாங்களா? அன்னையிலேருந்து ஒதுங்கித்தான் போறாங்க."

வளவனின் முகம் செத்துப்போனது. ஆர்டர் போய்விட்டது என்றே நினைத்தான்.

சிவசங்கரி மெல்லச் செருப்பைக் கழற்றினார்.

"எப்படியோ, தேயல இல்ல? எங்க ஊருக்கு நூறு அனுப்புங்க."