குகநாதனின் குட்டிக் குழாய்கள்

"மெல்லமாக் கதை பிள்ளை. என்ரை இதயத்துக்கு அதிர்ச்சி கூடாது" என்றார் குகநாதன். சோபாவில் மூன்று தலையணைகளுக்கு நடுவே சாய்ந்து, நெஞ்சில் ஒரு கையை வைத்திருந்தார். மறு கையில் மிக்சர்க் கிண்ணம்.

பார்க்க வந்திருந்த சரணியா அவருடைய தங்கை மகள், நர்ஸ். கொண்டுவந்த தோடம்பழப் பையை மேசையில் வைத்தாள்.

"வாசல் மணியிலை இன்னும் ரெண்டு குடும்பப் பேர்தானோ மாமா? இராசையா, குகநாதன் எண்டு?"

"அந்தக் கூத்தைக் கேளாதை. என்ரை அப்பான்ரை பேரை எனக்குக் குடும்பப் பேராக்கினாங்கள். பிறகு உன்ரை மாமி இந்த நாட்டுக்கு வரேக்கை என்ரை பேரை அவவுக்குக் குடும்பப் பேராக்கினாங்கள். மேல்வீட்டு மனிசி நாங்கள் கலியாணம் கட்டேல்லை எண்டு நினைக்குது."

"சரி, ஸ்கானிலை என்னவாம்?"

இந்தக் கேள்விக்காகத்தான் மனிதர் நாலு நாளாகச் சோபாவில் காத்துக் கிடந்தார். சுவிஸின் ஊஸ்டர் நகரில் பாதிப் பேருக்குப் போனில் சொல்லியாயிற்று. இன்னும் அலுக்கவில்லை.

"பெரிய இரத்தக் குழாய் ஒண்டு முழுக்க அடைச்சுப்போச்சு. கனகாலமாக் கொஞ்சம் கொஞ்சமா அடைச்சிருக்கு. வேற ஆளெண்டா எப்பவோ முடிஞ்சிருக்கும். என்ரை இதயம் என்ன செய்தது தெரியுமோ? பக்கத்திலை கிடந்த குட்டிக் குட்டிக் குழாயளைப் பெருப்பிச்சு, அதாலை இரத்தத்தைச் சுத்திக் கொண்டுபோயிருக்கு. தானாவே பைபாஸ்!"

"ஓம் மாமா, சிலருக்கு அப்பிடி வாறதுதான். உடம்பாலை நல்லா வேலை செய்யிற ஆக்களுக்கு அந்தக் குழாயள் இன்னும் நல்லா வளரும்."

"அதுதானே! உழைச்ச உடம்பெல்லோ."

அந்த உடம்பு கடைசியாக உழைத்தது எந்த ஆண்டென்று அவருக்கே ஞாபகம் இராது. குப்பைப் பையைக் கட்டக்கூடக் குனிந்தறியாத உடம்பு அது.

"பாரம் தூக்கவே கூடாதாம், படியேறக் கூடாதாம். திங்கட்கிழமை ஒப்பரேசனைப் பற்றிக் கதைக்க வரட்டாம்" என்று இன்னொரு பிடி மிக்சரை வாயில் போட்டார்.

"மாமி எங்கை?"

"கீழை. இண்டைக்கு எங்கட உடுப்புத் தோய்க்கிற முறை."

தோய்க்கும் மெஷின் நிலக்கீழ் அறையில். வீடு நாலாம் மாடியில். லிஃப்ட் இல்லை. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் கூட்டித் துடைக்கும் அவர் மனைவி இராஜேஸ்வரி காலையிலிருந்து மூன்று தரம் கூடையோடு ஏறி இறங்கியிருந்தாள்.

"மாமிக்கும் ஸ்கான் எடுத்ததெல்லோ?"

"எனக்கொண்டு வந்தா அவவுக்கும் வரோணுமே! படியேறினா நெஞ்சு இறுக்குதாம். ரெண்டு பேருக்கும் ஒரே நாளிலை எடுத்தது. அவவின்ரை கடிதத்திலை ஒரு வருத்தமும் இல்லை. வெறும் வாயு. வருத்தக்காரன் நான் இஞ்சை படுத்திருக்க, அவ மூச்சு வாங்கிக் காட்டுறா."

சரணியாவுக்கு எரிச்சல் வந்தது. அடக்கிக்கொண்டு, "டொச்சிலை, ஜெர்மன் மொழியிலை வந்த கடிதத்தை ஆர் வாசிச்சது?" என்று கேட்டாள்.

"போன்தான். ரெண்டாம் பக்கத்தைப் படம் பிடிச்சுக் காட்ட, தமிழிலை சொல்லிச்சுது. முதல் பக்கத்திலை என்ன, பேரும் விலாசமும்தானே."

அவர் முகம் பெருமையில் மலர்ந்தது. "இந்த நாட்டிலை முப்பது வருசமா எல்லாரும் என்னை இராசையா எண்டுதான் கூப்பிடுறாங்கள். இந்த ஆசுப்பத்திரிக்காரன்தான் முதல்தரமா மரியாதையா குகநாதன் எண்டு எழுதியிருக்கிறான். இந்தா, பார்."

சரணியா கடிதத்தை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தாள். மாமியுடையது என்று அவர் சொன்ன மற்றக் கடிதத்தையும் இழுத்து எடுத்தாள். அதில் இராசையா என்றிருந்தது.

படிக்கட்டில் யாரோ மூச்சிரைக்க நின்று நின்று ஏறிவரும் சத்தம் கேட்டது.

"அவதான். நடிப்பைப் பார்" என்றார் குகநாதன்.

சரணியா கடிதத்தைப் போட்டுவிட்டுக் கதவை நோக்கி ஓடினாள்.

"மாமி, கூடையை அதிலையே வைச்சிட்டு இருங்கோ! அடைச்சிருக்கிறது உங்கட இதயம்!"